பெரிய தொட்டிக்குச் சின்ன மீன்

ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கியதுமே மனிதனுக்கு ஒருவித வீக்கம் வந்துவிடுகிறது. நாலு தங்கமீன் போதும் என்று நேற்றுவரை சொன்னவர், இன்று கெலிசா எவ்வளவு, ரெட் டெயில் கேட்ஃபிஷ் எவ்வளவு என்று விசாரிக்கத் தொடங்குகிறார். மலாக்காவின் டுரியான் துங்கால் தாமான் வீடுகளில் இந்த வீக்கத்துக்கு ஒரு வரலாற்று நியாயமும் உண்டு. தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறை ஓடையில் துண்டை விரித்துச் செப்பாட்டையும் சண்டை மீனையும் வாரி, ஹார்லிக்ஸ் போத்தலில் விட்டு வளர்த்தது. போத்தலிலிருந்து ஆறடித் தொட்டிக்கு வந்த பிறகும் அதே விரல்நீள மீனா என்று மனம் முரண்டு பிடிக்கிறது. தொட்டி வளர்ந்தால் மீனும் வளர வேண்டாமா? வேண்டாம் என்பதுதான் என் கட்சி. தொட்டி எவ்வளவு பெரிதோ, மீன் அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் மீன் கடையில் யாரும் என்னை நண்பராக ஏற்கப்போவதில்லை. ஆனால் கணக்கு என் பக்கம் இருக்கிறது.

கெலிசாவிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் ஆசையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பேராக்கின் புக்கிட் மேரா ஏரிப் பக்கத்துத் தங்கக் கெலிசா உலகப் புகழ் பெற்றது. கெலிசா என்று நாம் சொல்லும் ஆசிய அரோவானா அருகிவரும் இனம் என்பதால், அத்தகைய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் 1975 முதல் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, உடம்பில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழுமாக வந்தால்தான் அதை விற்கலாம், வாங்கலாம். நம்மில் பலருக்குப் பிறப்புப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியாது. அந்த மீனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். பெரொடுவா நிறுவனம் 2001இல் ஒரு குட்டிக் காருக்கு அதன் பெயரை வைத்தது. சந்து பொந்தெல்லாம் சுலபமாகத் திரும்பும் கார் அது. மீன் அப்படித் திரும்பாது. நாம் வாங்கும் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இரண்டடி என்பது சுமார் 60 சென்டிமீட்டர். நன்றாக வளர்ந்த கெலிசா அந்த அகலத்தைத் தாண்டிவிடும். ஆகவே சுவருக்குச் சுவர் போய், அங்கே உடம்பை மடக்கி, மறுபடி இந்தச் சுவருக்கு வருவதுதான் அதன் வாழ்நாள் வேலை. தொட்டியில் வளரும் அரோவானா பலவற்றுக்குக் கண் கீழ்நோக்கித் தொங்கிப்போகிறது. அதைத் தூக்கி நிறுத்த அறுவைச் சிகிச்சை செய்கிறவர்கள் உண்டு. கூடத்து அழகுக்காக வாங்கிய மீனுக்கு அழகுச் சிகிச்சை! இருபது ஆண்டுக்கு மேலும் அது வாழும். நம் நாட்டில் கார்க் கடன் ஒன்பது ஆண்டில் தீர்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

கெலிசாவாவது தன் அளவை மறைப்பதில்லை. ஏமாற்றுவது மற்றவை. ‘சுறா’ என்று சொல்லி விரல்நீளத்தில் விற்கப்படும் வெள்ளிநிறக் குஞ்சு பல சமயம் பாத்தின். தெமர்லோவில் புளிக்கவைத்த டுரியானைப் போட்டுக் குழம்பு வைப்பார்களே, அதன் குடும்பம்தான். அமேசானிலிருந்து வந்த ரெட் டெயில் கேட்ஃபிஷ் குட்டியாக இருக்கையில் மீசை வைத்த பொம்மை. வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். இதைச் சொன்னதும் மீன் வளர்க்கிறவர்களின் அசைக்க முடியாத வேதவாக்கு ஒன்று வெளியே வரும்: “மீன் தொட்டிக்கு ஏத்த மாதிரிதான்ங்க வளரும்.” இவ்வளவு மரியாதை தெரிந்த உயிரினம் வேறு எதுவும் உலகத்தில் இல்லை போலிருக்கிறது. உண்மையில் சிறிய தொட்டியில் மீன் சிறியதாக நிற்பது அடக்கத்தால் அல்ல. தன் கழிவே சூழ்ந்த தண்ணீரில் அதன் வளர்ச்சி தேய்கிறது, பிறகு ஆயுளும் தேய்கிறது. பத்து ஆண்டு வாழவேண்டியது இரண்டு ஆண்டில் செத்துப்போனால், ‘பார்த்தீர்களா, பெரிதாகவே இல்லை’ என்று அதையே சாட்சியாகவும் காட்டுகிறோம்.

இனி அந்தக் கணக்கு. மேலே சொன்ன தொட்டி 24 கன அடி, ஏறக்குறைய 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, மணல், தாங்கும் மேசை எல்லாம் சேர்ந்தால் அதற்கும் மேல். ஆகவே மாடி வீட்டுக்காரர்கள் மீனுக்கு முன்னால் தரையைப் பற்றி விசாரிப்பது நல்லது. இவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் கடல் என்று தோன்றும். மீனின் எடையோ நீளத்தின்படி வளர்வதில்லை, நீளத்தின் மும்மடிப்படி வளர்கிறது. ஒரே வடிவமுள்ள இரண்டு மீன்களில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு நீளம் என்றால் எடை எட்டு மடங்கு. 5 சென்டிமீட்டர் மீன் 50 ஆகும்போது எடை ஆயிரம் மடங்கு. தின்பதும் கழிப்பதும் எடையோடுதான் போகும். மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியா அதற்கே நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்தக் குடித்தனம் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். அதுவரை தொட்டியை மீன் இல்லாமல் விளக்குப் போட்டு வைத்திருப்பவரைப் பார்த்து அக்கம்பக்கம் கொஞ்சம் கவலைப்படும், படட்டும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் எளிய வழி வாளிதான். பெரிய மீன் வைத்தவர் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்காவது, 220 லிட்டருக்கு மேல், மாற்ற வேண்டியிருக்கும். இதைச் சொல்ல மலாக்கா மாநிலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1991இல் டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றியபோது மாநிலமே பங்கீட்டுத் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. அப்படி ஒரு மாதம் மறுபடி வந்தால், குளிப்பது யார் என்ற கேள்வியில் மீன் முதலிடம் பெறுவதை எந்தக் குடும்பமும் ஏற்காது.

சரி, அப்படியானால் எதை விடுவது? நான் மூன்றே இனங்களைச் சொல்வேன். மூன்றும் நம் பக்கத்து நீருக்குப் பழகியவை. முதலில் ஹார்லிகுவின் ரஸ்போரா. தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் சுமத்ராவும் அதன் சொந்த ஊர். செம்பு நிற உடம்பில் பின்பாதிக்குக் கறுப்பு முக்கோணம்; முழு வளர்ச்சியே நாலரை சென்டிமீட்டர்தான். அறுபது வாங்கலாம். பயப்பட வேண்டாம், மேலே சொன்ன கணக்குப்படி அறுபதும் சேர்ந்தும் ஒரே ஒரு 20 சென்டிமீட்டர் மீனின் எடைக்கு வராது. அடுத்து, உடம்பெல்லாம் முத்துப் புள்ளி இறைத்த செப்பாட் முத்தியாரா, ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் ஆறோ ஒன்பதோ. செவுளுக்குமேல் உள்ள ஓர் உறுப்பால் இது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் எல்லாரும் தவிக்கையில் இது மட்டும் பதற்றமில்லாமல் இருக்கும். மூன்றாவது, மணலுக்குள் புகுந்து திரியும் பாம்புபோன்ற குஹ்லி லோச் ஒரு டஜன். இரவில்தான் வெளியே வரும், ஆகையால் கணக்குப் பார்க்கிறவர்கள் பகலில் எண்ணி மனம் உடைய வேண்டாம். இவற்றுக்குச் சூடேற்றி வேண்டாம், நம் வெயிலே போதும். தண்ணீருக்கு உப்புச்சத்து சேர்க்கவும் வேண்டாம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் வண்ணம் காட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை கடினமான காரநீரில் பிறந்தவை, போதாக்குறைக்குப் பிறவிச் சண்டைக்காரர்கள். அவற்றுக்காக நம் மென்னீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்கஸ் விஷயத்தில் மட்டும் நான் பாதி இறங்கிவருவேன். நம் வெதுவெதுப்பான மென்னீர் அதற்கு ஒத்துப்போகும், பினாங்கில் அதை அருமையாக இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஆனால் தண்ணீர் சுத்தத்தில் அது காட்டும் கண்டிப்பு, நன்றாக நடக்கும் எந்தக் குடும்பத்திலும் இருக்காது.

இதற்கு வரும் முதல் மறுப்பு: விருந்தாளி வந்தால் என்ன காட்டுவது? ஒற்றைக் கெலிசாவை ‘இதன் விலை இவ்வளவு’ என்று காட்டலாம். அறுபது ரஸ்போராவை எப்படிக் காட்டுவது? நியாயமான கவலை. ஆனால் விலையைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? அதற்குப்பின் விருந்தாளியும் மீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஒரு மீன் சுவரைத் தொட்டுத் திரும்புவதை எவ்வளவு நேரம் ரசிப்பது? சின்ன மீனுக்கு ஆறடி என்பது தன் உடம்பைப்போல் நாற்பது மடங்கு ஓடுதளம். அறுபதும் சேர்ந்து திரும்பும், பிரியும், திடீரென்று ஏதோ முடிவெடுத்ததுபோல் ஒரு மூலைக்குக் கூடும். ஆண்கள் செடிமறைவில் ஒன்றுக்கொன்று நெஞ்சு நிமிர்த்தும். பெண் தலைகீழாகத் திரும்பி இலையின் அடிப்பக்கத்தில் முட்டை ஒட்டும். ஐந்து மீன் மட்டும் வாங்கினால் இதில் எதுவும் நடக்காது, மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். பெரிய தொட்டி வேண்டும் என்பதே இதற்காகத்தான். பெரிய மீனை விட்டால் அந்த ஆறடியும் அதற்குச் சின்னத் தொட்டியாகிவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய இடத்தை மீன் தின்றுவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு அதிர்ஷ்டம். 1990களில் நம் நாட்டிலேயே கலப்பினமாக உருவாக்கிய லோஹான் என்ற பூக்கொம்பு மீனை நினைவிருக்கும். நெற்றிமேட்டில் யோகம், விலாவில் எழுத்து என்று வாங்கி, விலாப்புள்ளிகளில் நாலு நம்பர் லாட்டரிக்கு எண் தேடியவர்கள் எத்தனையோ பேர். அந்த மீனால் பணம் வந்தது உண்மைதான், விற்றவர்களுக்கு வந்தது. மோகம் அடங்கியதும் குப்பை விலைக்கு வந்து, பல இடங்களில் ஏரி குளங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வாஸ்துவில் மீன்தொட்டி வைக்கும் திசையைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. தென்கிழக்கோ வடகிழக்கோ, எங்கே வைத்தாலும் ரஸ்போரா நீந்தும்.

மூன்றாவதுதான் விவரமானவர்கள் கேட்பது: பாசியைத் தின்ன ஒரு ‘பண்டாராயா’ மீனாவது வேண்டாமா? உறிஞ்சுவாய்க் கெளுத்திக்கு நகராட்சிப் பெயர் வைத்ததிலிருந்தே அதை ஊழியர் என்று நம்பிவிட்டோம். கண்ணாடியைத் துடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் 40, 50 சென்டிமீட்டர் வளர்கிறது. துடைத்த பாசியைவிட அதிகமாகக் கழிக்கிறது. துப்புரவுக்கு வைத்த ஆளுக்குப் பின்னால் நாம் வாளி தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பாசிக்கு மருந்து விளக்கைக் குறைத்து எரிப்பதும் ஒரு ரிங்கிட் பஞ்சும்தான். வளர்ந்துவிட்டதே என்று அதை மக்கள் ஆற்றில் விட்டார்கள். இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அது குடும்பம் குடும்பமாகப் பெருகி, உள்ளூர் மீன்களை ஓரம் கட்டிவிட்டது. அதைப் பிடித்து அழிக்க விடுமுறை நாட்களில் தன்னார்வலர்கள் வலையோடு இறங்குகிறார்கள். டுரியான் துங்காலில் இதை இன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டும். நம் பக்கத்துப் பெரிய நீர்நிலை நாம் குடிக்கிற அணைக்கட்டு. வீட்டுக்கூடத்தில் வேண்டாம் என்று அனுப்பிய விருந்தாளியைக் குழாய் வழியாகத் திரும்பச் சந்திப்பது சிறப்பான விருந்தோம்பல் அல்ல.

சின்ன மீனைக் காட்டிலிருந்து அள்ளினால் காடு என்னாகும் என்ற மறுப்புதான் இருப்பதிலேயே கனமானது. ஹார்லிகுவினைப் பண்ணைகளிலேயே வளர்த்து விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கலாம். அள்ளுவதும் எப்போதும் அழிப்பதல்ல. பிரேசிலின் பார்செலோஸ் ஊர்க்காரர்கள் ரியோ நீக்ரோவில் கார்டினல் டெட்ரா பிடித்து விற்றே பிழைத்தார்கள். மீன் வேண்டுமென்றால் காடு வேண்டும் என்பதால் காட்டையும் காத்தார்கள். நம் பக்கத்தில் மீனை அழிப்பது வலையைவிட வடிகால்தான்: சதுப்பை வற்றவைத்து எண்ணெய்ப்பனை நட்டால் அங்கே மீன் மிஞ்சாது. மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவின் சதுப்புக்காட்டில், வளர்ந்த பெண்ணே 7.9 மில்லிமீட்டர்தான் என்ற அளவுக்குச் சிறிய ஒரு மீனை 2006இல் அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். என் வாதத்தைக் கடைசிவரை இழுத்தால் அதைத்தான் ஆறடித் தொட்டியில் விட வேண்டும். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியோடு உட்கார வேண்டியிருக்கும்.

எந்த மீனானாலும் தொட்டிக்கு மூடி போடுங்கள். நம் வயல் ஓடைகளின் பூயூவும் தமிழ்நாட்டுப் பனையேறிக் கெண்டையும் ஒரே மீன். 1791இல் தரங்கம்பாடியில் டல்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி, அது நீருக்கு ஐந்தடி மேலே பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். பனையே ஏறுமென்றால் இரண்டடிக் கண்ணாடி எம்மாத்திரம். கெலிசாவும் துள்ளும், அதன் உடல்கட்டே மேலே பறக்கும் பூச்சியைத் தாவிப் பிடிக்க அமைந்தது. ஏற்கெனவே கெலிசா வாங்கி வைத்திருப்பவர்கள், இவ்வளவு தூரம் படித்துவிட்டு என்ன செய்வதென்று கேட்கலாம். அணைக்கட்டுப் பக்கம் மட்டும் போகாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா, வேறு மீனுக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். போகும்போது சான்றிதழை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் நலமா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.