பேர் போட்டால் காசில்லை

எழுதிச் சம்பாதிக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தால், "அது சரி, வேலைக்கு எப்போ போவே?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் பெரியப்பா இன்னும் கொஞ்சம் நுணுக்கமானவர். திருநெல்வேலிப் பக்கம் கூட்டுறவு வங்கியில் வட்டிக் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவர். "எழுதுறதெல்லாம் சரிடே. மாசம் பொறந்தா எவ்வளவு வரும்?" என்றார். வரும்போது வரும் பெரியப்பா என்றேன். "வராதப்போ?" என்றார். சுயமாக எழுதிப் பிழைப்பது எப்படி என்று பிற்பாடு நான் வாங்கிப் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் என்ன வேலை என்று விசாரித்தார். ரைட்டர் என்றேன். சட்டென்று எழுந்து, "எந்த ஸ்டேஷன் சார்?" என்றார். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இல்லை, கதை கட்டுரை எழுதுகிற ரைட்டர் என்று விளக்கினேன். மரியாதை குறைந்தது, அட்வான்ஸ் கூடியது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் எழுத்தாளர் என்றால் வேறெங்கோ சம்பளம் வாங்குகிறவர் என்பதுதான் நெடுநாள் வழக்கம். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். லா.ச.ரா. வங்கியில். வண்ணதாசனும் வங்கிதான். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர். வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. பகலில் ஓட்டு மிஷின், ராத்திரியில் கணேஷ் வசந்த் துப்பறியும் கதை. மாறாக, அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966இல் விட்டுவிட்டு எழுத்தை நம்பி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை அவரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் பதிப்பித்த புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இலக்கிய வரலாற்றில் இதற்குத் தியாகம் என்று பெயர். என் மனைவி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "அவங்க வீட்ல அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு யாருமே எழுதலியே" என்றாள்.

எல்லாரையும் போல நானும் பத்திரிகைகளில்தான் தொடங்கினேன். சிற்றிதழில் கட்டுரை வந்தால் சன்மானம் கிடையாது. இதழ் ஒன்று தபாலில் வரும். அதற்குள் ஆயுள் சந்தாப் படிவம் செருகியிருக்கும். யாருடைய ஆயுள் என்பதில்தான் எனக்கு எப்போதும் சந்தேகம். பெரிய இதழ்களில் சன்மானம் உண்டு. எவ்வளவு என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம். கதையை எடுத்துக்கொண்டதே பெரிது என்ற நன்றியுணர்ச்சியில் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முன்பெல்லாம் அந்தப் பணம் மணியார்டரில் வரும் என்று மூத்த எழுத்தாளர்கள் கண் கலங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போஸ்ட்மேன் வாசலில் நின்று, "சார், பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து பணம்" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவாராம். தொகை ஐம்பது ரூபாயானாலும் அந்தக் கூப்பிடலுக்கு ஐந்நூறு ரூபாய் மதிப்பு. இப்போது நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. செல்போனில் வரும் செய்தியில் யார் அனுப்பினார்கள் என்று பிரம்மதேவனாலும் படிக்க முடியாத எழுத்துகள் இருக்கும். வந்தது கதைக்கா, கவிதைக்கா, அல்லது காஸ் சிலிண்டர் மானியமா என்று நான் ஆராய்ந்து முடிப்பதற்குள் ஈஎம்ஐ அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

புத்தகம் போட்டால் நிலைமை மாறும் என்றார்கள். மாறியது. தமிழில் ராயல்டி வழக்கமாக 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் ஒன்று விற்றால் எனக்கு 20 ரூபாய். ஒரு காலத்தில் முதல் பதிப்பு 1,200 பிரதி அச்சிடுவது வழக்கமாக இருந்தது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் தொழில்நுட்பம் வந்துவிட்டதால் ஐம்பது, நூறு என்றுகூட அச்சிடலாம். விஞ்ஞானம் வளர்ந்து, நம் வாசகர்கள் எத்தனை பேர் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது. நூறு பிரதியும் விற்றுத் தீர்ந்தால் ராயல்டி 2,000 ரூபாய். அதில் பாதிப் பிரதிகளை நானே கழிவு விலையில் வாங்கி நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு அலமாரியில் அவை புத்தம் புதிதாக இருக்கின்றன.

ஒப்பந்தம் என்று ஒன்று உண்டே என்று கேட்பீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு மிகவும் அனுகூலமானது. உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு மாற்றிக் கொடுத்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ள வேண்டும். இதைப் படித்துவிட்டு உற்சாகமாகப் போய் ஒரு காகிதம் கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார் பதிப்பாளர். தமிழ்ப் பதிப்புலகம் இந்த 'நமக்குள்ள' என்ற அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது. மற்றபடி, எழுத்தாளருக்கு மொத்தமாக ஒரு தொகை வர நம் அரசாங்கம் ஒரு வழி வைத்திருக்கிறது: நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. ஆனால் அந்தக் காசோலையைப் பெரும்பாலும் வாரிசுகள்தான் வாங்குகிறார்கள். அதற்கான முதல் தகுதியை அடைய எனக்கு அவசரமில்லை.

எனக்கு எழுத்தால் முதன்முதலில் வீட்டு வாடகை கட்டிக் கொடுத்தது ஒரு மிக்ஸி. அதாவது, மிக்ஸியோடு அட்டைப்பெட்டிக்குள் வரும் கையேட்டின் மொழிபெயர்ப்பு. 'ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்' என்பது நான் எழுதியது. என் எழுத்திலேயே அதிக வீடுகளுக்குள் நுழைந்தது அதுதான். ஒருவரும் படித்ததில்லை, ஆனால் பணம் வந்தது.

மொழிபெயர்ப்பில் சொல் கணக்கில் கூலி. இங்கேதான் தமிழன்னை நம் வயிற்றில் அடிக்கிறாள். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லில் இழுத்துச் சொல்வதைத் தமிழில் 'வராதிருந்திருந்தால்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மூலத்தை எண்ணிக் கூலி கொடுக்கிற நிறுவனம் என்றால் ஐந்துக்குக் காசு. நாம் எழுதிக் கொடுத்ததை எண்ணுகிற நிறுவனம் என்றால் ஒன்றுக்குத்தான். அப்படிப்பட்ட இடங்களுக்கென்று நான் தனி நடை வைத்திருக்கிறேன். 'செய்துகொண்டிருக்கிறார்கள்' என்று சேர்த்து எழுதுவது இலக்கியத்துக்கு. 'செய்து கொண்டு இருக்கிறார்கள்' என்று பிரித்து எழுதுவது பால் பாக்கிக்கு. பத்தாம் வகுப்பில் என் தமிழாசிரியர் புணர்ச்சி விதிகளைப் படி படி என்று தலையில் குட்டினார். அவற்றைப் பிரிக்கத் தெரிந்தால் காசு உண்டு என்று அன்றே சொல்லியிருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

ஆனாலும் சொல்கிறேன், தமிழ்நாட்டில் எழுதிச் சம்பாதிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பத்திரிகைகளை அல்ல, பெரிய மனிதர்களின் பிறந்த தேதிகளை. அறுபதாம் கல்யாணத்துக்கு மணிவிழா மலர், எண்பதுக்கு முத்துவிழா மலர், கோயிலுக்குக் குடமுழுக்கு மலர், பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா மலர். இந்த மலர்களில்தான் தேன் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே தன்வரலாறு.

தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலை முதலாளி ஒருவர் தன் வாழ்க்கையை எழுதித் தரக் கூப்பிட்டார். வெற்றிலை பாக்குத் தட்டில் பாதிப் பணத்தை வைத்து, அதன்மேல் 1 ரூபாய் நாணயம் ஒன்றும் வைத்துக் கொடுத்தார். பேரம் இல்லை, இன்வாய்ஸ் இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டியதும் முகம் வாடிவிட்டது. "வறுமை பத்தலை தம்பி. இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்றார். கூட்டினேன். ஒரு வேளைக் கஞ்சி, கிழிந்த கால்சட்டை, தெருவிளக்கு எல்லாம் போட்டேன். அதற்குள் அவருடைய அண்ணன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து நின்றார். "ஏண்டா, நம்ம வீட்ல ரெண்டு ஜோடி மாடு நின்னுது, களத்துல நெல்லு கெடந்துது. நீ எப்போ பட்டினி கெடந்தே? நாளைக்கு ஊர்ல அப்பாவைப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றார். வாதம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நீண்டது. கடைசியில் மாடுகளை வைத்துக்கொண்டு கால்சட்டையை மட்டும் கிழிப்பது என்று உடன்பாடு ஆயிற்று. தெருவிளக்கை நான் போராடிக் காப்பாற்றினேன்.

வெளியீட்டு விழாவில் எனக்கு மூன்றாவது வரிசையில் நாற்காலி. மேடையில் பேசிய பேராசிரியர், "இது உழைப்பில் விளைந்த தமிழ். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற எழுத்தாளர்களுக்கு இந்த நடை ஒருநாளும் வராது" என்றார். எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். மீதிப் பணம் அன்று மாலையே கைக்கு வந்துவிட்டது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பொருளாதாரக் கொள்கை மிக எளியது. பேர் போட்டால் காசில்லை. காசு வந்தால் பேர் இல்லை. விதிவிலக்காக மூன்றாவது வகை ஒன்று உண்டு: பேரும் இல்லை, காசும் இல்லை. அதற்கு 'ரெண்டு வரிதானே சார்' என்று பெயர். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். நண்பருடைய சகலையின் தாத்தா தவறிவிட்டார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு உருக்கமாக இரண்டு வரி வேண்டும். பிளெக்ஸ் கடைக்காரர் காத்திருக்கிறார். பிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு. டிசைன் போடுகிற பையனுக்குத் தனி. கட்டுகிற சவுக்குக் கம்புக்கு நாள் வாடகை. அந்த இரண்டு வரிக்கு மட்டும், "உங்களுக்கென்ன, தானா வருது!" எழுத்தையும் சதுர அடிக் கணக்கில் விற்க வழி இருந்தால் நான் இந்நேரம் கீழ்க்கட்டளையில் ஒரு அரை கிரவுண்டு வாங்கியிருப்பேன்.

இப்போது புதிதாக இன்னொரு வகை. "கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுச்சு சார். நீங்க சும்மா லேசா பாத்துக் குடுங்க, பாதி ரேட்." பார்த்தால், கம்ப்யூட்டர் எழுதியதில் எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது, பொருளும் ஒன்றும் இருக்காது. லேசாகப் பார்க்க முடியாது. அடியோடு திரும்ப எழுத வேண்டும். இதற்கு இரண்டு மடங்கு கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

கம்பெனிகளுக்கு எழுதினால் பணம் நிச்சயம், தேதிதான் அநிச்சயம். எழுதிக் கொடுக்க நாளை காலை வரை நேரம், பணத்துக்கு மட்டும், "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு சார்." அந்த அக்கவுண்ட்ஸ் பூவுலகில் எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை. இன்வாய்ஸ் கேட்டார்கள். அதில் எண் 1 என்று போட்டால் நாம் புதுசு என்று தெரிந்துவிடும். 100 என்று போட்டால் முழு எண், மங்களமில்லை. மொய் எழுதிய குடும்பம் ஆதலால் 101இல் தொடங்கினேன். பான் எண் கேட்டார்கள். கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டும். ஒரே நிறுவனத்திடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் இல்லாவிட்டால் அதுவே 20 சதவீதம். என் வருமானத்தின் அளவைப் பார்த்த வருமான வரித்துறை, மறுவருஷம் கணக்குத் தாக்கல் செய்ததும் பிடித்ததையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டது, அதுவும் வட்டியோடு. நான் போன் பண்ணாமல், 'ஒரு சின்ன நினைவூட்டல்' என்று வாட்ஸ்அப் அனுப்பாமல், வட்டி போட்டுப் பணம் கொடுத்த ஒரே இடம் அதுதான். பெரியப்பாவிடம் சொன்னேன். வட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பரவால்லடே, தொழில் நல்லாத்தான் போகுது" என்றார்.

ஆகவே, இந்தத் தொழிலில் இறங்க ஆசைப்படும் தம்பி தங்கைகளே, பேனாவுக்கு முன்னால் பான் கார்டை எடுத்து வையுங்கள். தொகையை முதல் போனிலேயே கேளுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் தண்ணீர் குடித்துவிட்டுக் கேளுங்கள். பாதி முன்பணம் வராமல் முதல் வரியை எழுதாதீர்கள், இறந்தவர் யாராக இருந்தாலும் சரி.

மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் யாருக்காவது அறுபதோ எண்பதோ வரப்போகிறதென்றால் சொல்லி அனுப்புங்கள், மலர் போட்டுத் தருகிறேன். சின்ன வயதில் வறுமை வேண்டுமா வேண்டாமா என்பதை அண்ணன் தம்பிகளோடு பேசி முடித்துவிட்டு வாருங்கள். இரண்டு தடவை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். வாழ்த்துக் கவிதை வேண்டுமென்றால் அது வேறு ரேட்.