'புரிஞ்சுதா?' என்று கேட்கக் கூடாதாம்

வெளிநாட்டில் பல இடங்களில் இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கு பி.எட்.டும் சாக்பீஸ் தூளும் போதாது. இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதற்கான 'டெஃபல்' சான்றிதழ் வேண்டும். தாய்லாந்து, வியட்நாம் விளம்பரங்களில் பெரும்பாலும் 120 மணி நேரப் படிப்பு கேட்கிறார்கள். ஆன்லைனில் சேர்ந்தேன்.

முதல் பாடமே என் பிழைப்பில் கை வைத்தது. வகுப்பில் வாத்தியார் பேச்சு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். மீதி 70 பிள்ளைகளுக்கு. நான் வேலை பார்க்கும் மெட்ரிக் பள்ளியில் பிள்ளைகள் 7 சதவீதம் பேசினாலே வராண்டாவில் பிரின்சிபால் செருமுவார். மாதிரி வீடியோவில், லாட வடிவில் நாற்காலி போட்டுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர்தான் இருந்தால், மற்றவர்கள் கோயில் கொடைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாதாம். கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வாஸ்தவம்தான், "புரிஞ்சுது சா...ர்" என்ற ராகத்தில்தான் நம் ஊரில் போர்ஷனே முடிகிறது. அதற்குப் பதிலாகத் துருவ வேண்டும். 'அவர் பத்து வருஷமாக மதுரையில் இருக்கிறார்' என்பது பாடமானால், "இப்பவும் மதுரையிலதானா? வேற ஊருக்குப் போயிட்டாரா?" என்று கேட்க வேண்டும். பயிற்சி கொடுத்தாலும் அப்படியே: "தனியாவா, ஜோடியாவா? எழுதணுமா, பேசணுமா?"

இதை வீட்டில் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி பையை நீட்டினாள். "கத்தரிக்கா அரைக் கிலோ. பச்சை இல்ல, ஊதா. இப்ப சொல்லுங்க, எவ்வளவு? என்ன கலரு? முத்தலா, பிஞ்சா?" பைசா கட்டணம் இல்லாமல் கல்யாணமான நாள் முதல் அவள் இந்த முறையில்தான் பாடம் நடத்துகிறாள்.

படிப்பில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரின் முறையும் உண்டு. எழுந்திரு, திரும்பு, உட்கார் என்று கட்டளையிட்டு உடம்பை ஆட்டியே மொழியைப் பதிய வைப்பது. நம் பள்ளிகளில் 'பெஞ்சு மேல ஏறு' வரைக்கும் இது பழைய வழக்கம்தான்.

படிப்பு நல்ல படிப்பு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் தென்கொரியாவின் இங்கிலீஷ் ஆசிரியர் விசா, பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். தாய்லாந்துப் பள்ளிகளோ, ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நம்மிடம் 'டோயிக்' என்ற இங்கிலீஷ் தேர்வின் மதிப்பெண் கேட்கின்றன. சேரப் போகிறவர்களே, படிப்புக்குப் பணம் கட்டும் முன், போகிற நாட்டின் விசா விதியைப் படித்துவிடுங்கள்.