நாடா கட்டிய குடம்

அப்போது திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவுக்கு ஒரே அடிபம்பு. விடியற்காலை மூன்று மணிக்கே அம்மா எழுந்து, கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய பச்சைக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வருவாள். எல்லாமே பிளாஸ்டிக் குடம். நாடா இல்லாவிட்டால் எது யாருடையது என்று சண்டை வந்துவிடும். ஐம்பது முறை அடித்த பிறகுதான் துரு வாசனையோடு தண்ணீர் ஏறும்.

ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் "கிருஷ்ணா தண்ணி வந்துடும்மா" என்றார்கள். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நதி நீர் தருவதாக ஒப்பந்தம் போட்டது 1983ல். தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது 1996ல். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் பிளஸ் டூ முடித்ததும் அந்த 13 ஆண்டுகளுக்குள்தான். ஆனாலும் அன்று தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எந்த வேட்பாளரும் எங்கள் தெருவைத் தாண்ட முடியாது. அம்மா காலிக் குடத்தை அவர் காலடியில் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள்.

2006 தேர்தலில் பேச்செல்லாம் இலவசக் கலர் டிவியாக இருந்தது. 2019 ஏப்ரலில் ஒரு வேட்பாளர் திறந்த ஜீப்பில் வந்து பத்து நிமிடம் பேசினார். தில்லியைப் பற்றிப் பேசினார், எதிர்க்கட்சியைத் திட்டினார். தண்ணீர் லாரிக்காக அடுக்கியிருந்த குடங்கள் ஜீப்பின் சக்கரத்தை ஒட்டியே இருந்தன. தண்ணீர் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12ல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயிலேறி வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2003ல் மழைநீர் சேகரிப்பை ஆட்சியாளர்கள் கட்டாயமாக்கினார்கள். கெடு வைத்து, வீட்டுக்கு வீடு குழி வெட்ட வைத்தார்கள். அடுத்த நல்ல மழைக்கே எங்கள் கிணற்றில் நீர் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்தேன். மனசு வைத்தால் அவர்களால் முடியும். அதனால்தான் ஆதங்கம் அதிகமாகிறது. அதற்குப் பிறகு எங்கள் குழியை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

போன மாதம் அதைத் திறந்தோம். ஜல்லிக்கு மேல் ஒரு முழம் சேறு. மாடியிலிருந்து இறங்கும் குழாய் பாதியிலேயே உடைந்து, மழைத் தண்ணீர் அத்தனையும் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, குழியின் மூடியைத் திறந்து காட்டுங்கள். ஏரிகளைத் தூர் வாருவது எப்போது என்று தேதி கேளுங்கள். தேதி சொன்ன பிறகு அவர் வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசட்டும்.