ஸ்போர்ட்ஸ் கார் விலையை ஊகிப்போர் கேரள மோட்டார் வாகனத் துறைக்குச் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்

வழி: பாறசாலை (கேஎல் 19), நெய்யாற்றின்கரை (கேஎல் 20) அலுவலகங்கள்

விற்பனைக்கு வராத ஸ்போர்ட்ஸ் காரின் விலையை, அதன் குதிரைத்திறனையும் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நொடிகளையும் போட்டிக் கார்களோடு ஒப்பிட்டு ஊகிக்கும் கலை, இஞ்சிவிளை முதல் அமரவிளை வரையுள்ள சாயக்கடைகளில் தழைத்து வருகிறது. ஆயினும் அவ்வூகங்கள் அடிக்கடி பொய்த்துப்போவதற்குக் காரணம் வண்டியைப் பற்றிய அறியாமை அன்று, மாண்புமிகு துறையின் கைவண்ணத்தைக் கணக்கில் சேர்க்காத அலட்சியமே என்பதை மனுதாரர்கள் காலந்தாழ்த்தி உணர்ந்துள்ளனர்.

சான்றாக, 2025 ஜூலையில் விற்பனைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டரைக் கொள்ளலாம். கூரை மடங்கி, கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் இந்த இருவர் அமரும் மின்காரின் ஷோரூம் விலை, அதாவது பதிவும் காப்பீடும் சேராத விலை, 74.99 லட்சம் ரூபாயாக அறிவிக்கப்பட்டது. 90 லட்சத்தைத் தாண்டிய பிஎம்டபிள்யூ இசட்4-ஐ அளவுகோலாகக் கொண்டவர்கள் வியந்தனர். ஆனால் மின்காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு என்பதும், பெட்ரோல் காருக்கு அன்று 28 விழுக்காட்டோடு இழப்பீட்டு வரியும் உண்டு என்பதும் வியப்பைக் கணிசமாகக் குறைத்திருக்க வேண்டியவை.

கதை அதோடு முடியவில்லை. 20 லட்சத்துக்கு மேற்பட்ட மின்காருக்குக் கேரளம் 2025 ஏப்ரல் முதல் 10 விழுக்காடு வரி வாங்குவதால், பாறசாலையில் பதிவாகும் சைபர்ஸ்டருக்கு ஏறத்தாழ ஏழரை லட்சம் கூடுகிறது. எல்லையிலுள்ள களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டத்தில் பதிவானால், அவ்வாண்டு தமிழ்நாடு அளித்த முழு விலக்கால் இத்தொகை சுழி. ஒரு திருகாணியைக்கூட முடுக்காமல் ஒரு சிறிய காரின் விலையை உருவாக்கிய துறையின் பொறியியல் போற்றத்தக்கது. 1956 நவம்பர் 1-இல் மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று கோடு கிழித்தவர்கள், ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு இரண்டு விலை வகுக்கிறோம் என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

எனவே மார்த்தாண்டத்து முகவரி ஒன்றைத் தேடலாமே என்று சிலர் முணுமுணுத்தாலும், புதுச்சேரியில் போலி முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவுசெய்தோர் 2017-இல் பட்ட பாடும், பிற மாநில வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் மறுபதிவு வேண்டும் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவும் அவர்களை அடக்கியுள்ளன.

ஆகவே, வருங்காலத்தில் எந்த ஸ்போர்ட்ஸ் கார் அறிவிக்கப்பட்டாலும், அதன் நிறம், வேகம் முதலிய அற்ப விவரங்களுக்கு முன்பாகவே தனது பங்கு எவ்வளவு என்பதை இஞ்சிவிளையில் பலகை நாட்டித் துறை தெரிவிக்குமாறு கோரப்படுகிறது. மனுதாரர்களில் எவரும் அக்காரை வாங்கப்போவதில்லை என்பதால் இக்கோரிக்கையில் சுயநலம் இல்லை. அவர்கள் அனைவரும் கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸில் செல்பவர்கள், அதன் கட்டணமோ ஊகத்துக்கு இடமின்றி டிக்கெட்டிலேயே அச்சாகி வந்துவிடுகிறது.