பனி அரசி வீட்டில் பகல் கொள்ளை

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர் யார் என்று சிங்கப்பூரில் ஒரு போட்டி வைத்தால், செங்காங் வீவக வீட்டு ஆண்ட்டிக்குத்தான் முதல் பரிசு. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், கையில் ஐபேட் இருக்கிறது. புளோக்குக்கு ஒருவராவது இப்படி உண்டு. உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சிராங்கூன் சாலையில் ஊரே வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடும்போது, இவர் மட்டும் காய்கறிப் பையோடு பச்சை மனிதனுக்காக நிற்பார். எம்ஆர்டியில் தொண்டை கமறினாலும் ஒரு மிட்டாயை வாயில் போடமாட்டார். தின்றால் 500 வெள்ளி வரை அபராதம் என்று பலகை சொல்கிறது. அதே பலகையில் டுரியான் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் தொகை எதுவும் இருக்காது. தொகை போடாததுதான் ஆபத்து என்பது ஆண்ட்டியின் கணக்கு.

அப்படிப்பட்டவர், அதே ரயிலில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறார் என்று எட்டிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு அரண்மனைக்குள் புகுந்து, பீரோவைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருப்பார்.

எல்லாம் ஐபேடில், ஒளித்துவைத்த பொருளைத் தேடும் விளையாட்டு. 2005இல் சியாட்டலைச் சேர்ந்த பிக் ஃபிஷ் நிறுவனம் ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்’ வரிசையைத் தொடங்கிய பிறகு, துப்பாக்கி பிடிக்காத, கார் ஓட்டத் தெரியாத பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் வந்தார்கள். 2010இல் ‘டார்க் பேரபிள்ஸ்’ வந்தது. முள்வேலிக்குள் தூங்கும் இளவரசி, தவளையாகிப்போன இளவரசன், பனி அரசி என்று தேவதைக் கதைகளை ஒவ்வொன்றாகத் துப்பறிகிற வரிசை. ஆண்ட்டி அதில் விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

விழுந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோட்டைக் கதவைத் திறக்க வேண்டும், ஆனால் கைப்பிடியைக் காணோம். அது குளத்துப் பனியில் உறைந்து கிடக்கிறது. பனியை உருக்கப் பந்தம் இருக்கிறது, கொளுத்தத் தீக்குச்சி இல்லை. தீக்குச்சிப் பெட்டி காக்கைக் கூட்டில். காக்கையைத் திசைதிருப்ப ரொட்டி வேண்டும், ரொட்டியோ பூட்டிய அலமாரிக்குள். அம்புலிமாமா படித்து வளர்ந்தவருக்கு இதெல்லாம் புதிதா என்ன? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கன் உயிர் என்று பத்து வயதிலேயே பயிற்சி எடுத்தாயிற்று. அந்த அரக்கனும் உயிரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவில்லை, இந்தப் பனி அரசியும் சாவியை ஆணியில் மாட்டவில்லை. பெரிய இடத்துப் பழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

“ஆண்ட்டி, அடுத்தவங்க வீட்டு ஜன்னலை உடைக்கிறீங்களே, போலீஸ் பிடிக்காதா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நான்தான் தம்பி போலீஸ்” என்றார், தலையை நிமிர்த்தாமல். விளையாட்டில் அவர் துப்பறிவாளராம். திரைச்சீலையைக் கிழிப்பது, சிலையின் கண்ணிலிருந்து மாணிக்கத்தைப் பெயர்ப்பது, செத்துப்போன பிரபுவின் மோதிரத்தைக் கழற்றுவது எல்லாம் விசாரணையில் சேர்த்தி. எடுத்ததைத் திருப்பி வைக்கும் பழக்கமே அந்த உலகத்தில் கிடையாது. இங்கே தேக்கா உணவங்காடியில் அடுத்தவர் விட்டுப்போன தட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் வைக்கிற அதே கைதான் அங்கே புகுந்து விளையாடுகிறது.

ஒழுக்கம் என்று ஒன்று அங்கும் உண்டு. ஹின்ட் பொத்தானைத் தொடமாட்டார். தொட்டால் பொருள் இருக்கும் இடம் மின்னிக் காட்டிவிடும், பிறகு பொத்தான் மறுபடி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். “பிச்சை எடுத்துட்டு அங்கேயே நிக்கிற மாதிரி” என்பார். கண்டபடி தட்டித் தேடுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. விளையாட்டுக்கும் பிடிக்காது, கொஞ்ச நேரம் திரையை முடக்கிவிடும். ஆனால் நடுவில் பல்சக்கரம் பொருத்து, குழாயை இணை என்று ஒரு புதிர் வந்தால் ஸ்கிப் அமுக்கிவிடுவார், கூச்சமே இல்லாமல். கேட்டால், “தேடுறது என் வேலை, குழாய் ரிப்பேர் டவுன் கவுன்சில் வேலை.”

பழக்கம் ஐபேடோடு நிற்பதில்லை. லிட்டில் இந்தியாவில் இறங்கினால் கெர்பாவ் சாலையில் டான் டெங் நியா வீட்டு முன்னால் ஒரு நிமிடமாவது நிற்பார். 1900இல் கட்டிய எட்டு அறை சீன வீடு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் நாலைந்து நிறம். சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆண்ட்டி படி, தூண், மேல்மாடி என்று வரிசையாக நோட்டம் விடுவார். கட்டியவர் மிட்டாய்த் தொழிலில் சம்பாதித்தவர் என்று தெரிந்ததிலிருந்து சந்தேகம் கூடிவிட்டது. மிட்டாய் வீட்டை நம்பி உள்ளே போன இரண்டு குழந்தைகளின் கதை அவருக்குத் தெரியுமே!

தேக்காவில் மதியக் கூட்டத்தில் நாமெல்லாம் பிரியாணித் தட்டோடு திண்டாடும்போது, மூன்று மேசை தள்ளி இடம் பிடிக்கப் போட்டிருக்கும் டிஷ்யூ பொட்டலத்தை வாசலிலிருந்தே கண்டுபிடித்து, “அங்க ஆள் இருக்கு, தூணுக்குப் பின்னால வாங்க” என்பார். முஸ்தபா பேரங்காடியில் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். மாடிக்கு மாடி, கூரை வரை சாமான். சோப்புக்குப் பக்கத்தில் சூட்கேஸ். இதை வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று பாராட்டுவார். நுழைவாயிலில் கைப்பையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆண்ட்டி கேட்டது ஒன்றுதான்: “சரி, கத்தரிக்கோல் எந்த மாடியில?”

தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சோபாவில் ஐபேடோடு உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லுங்கள், சேலையைப் பாராட்டுங்கள், பேரப்பிள்ளையைக் கொஞ்சுங்கள். திரையை எட்டிப் பார்த்து, “அதோ சாவி, பூந்தொட்டிக்குப் பின்னால” என்று மட்டும் விரல் நீட்டிவிடாதீர்கள். அந்த வருஷம் உங்களுக்கு முறுக்கு டப்பா திறக்காது.