பத்து மணி நேர முதலாளி

பேருந்தில் முப்பது பேரோடு சுற்றுலா போகிறவர் சாது. கொடி பிடித்தவர் பின்னால் நடப்பார், இறங்கு என்றால் இறங்குவார், சாப்பிடு என்றால் சாப்பிடுவார். அதே மனிதருக்குப் பாலித் தீவில் ஓர் அவான்சா காரும் அதை ஓட்ட ஓர் ஆளும் பத்து மணி நேரத்துக்குக் கிடைத்துவிட்டால் முதலாளி ஆகிவிடுவார். பாலிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களில் ஆஸ்திரேலியருக்கு அடுத்தபடி இந்தியர்கள்தான் அதிகம். அதனால் இந்த முதலாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தக் கோயில் வாசலிலும் நிற்பார். அரைக்கால் சட்டை, கழுத்தில் தொங்கும் பாஸ்போர்ட் பை, கையில் பட்டியல்.

வாட்ஸப்பில் ஒரு மாதத்துக்கு முன்பே பேரம் தொடங்கிவிடும். நாள் வாடகை ஆறேழு லட்சம் ரூபியா என்றதும் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நம் ஒரு ரூபாய் அங்கே சுமார் 190 ரூபியா என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டியதும் ஆறுதலாகி, அதிலும் ஒரு லட்சம் குறைக்கச் சொல்வார். ஆயுளில் ஒரு தடவையாவது லட்சத்தில் பேரம் பேசிப் பார்க்க வேண்டும் என்ற நடுத்தரக் குடும்பத்து ஆசையை இந்தோனேசிய நாணயம் தீர்த்துவைக்கிறது. பெட்ரோல் சேர்த்தா? பார்க்கிங் சேர்த்தா? டிரைவர் சாப்பாடு யார் தலையில்? தண்ணீர் பாட்டில் எத்தனை? எல்லாக் கேள்விக்கும் எதிர்முனையிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "நோ ப்ராப்ளம், பாஸ்."

அந்த 'பாஸ்'தான் வினை. அங்கே வாடிக்கையாளர் எல்லாருமே பாஸ்தான். நம்மவர் மட்டும் அதை நியமன உத்தரவாக எடுத்துக்கொள்கிறார்.

பட்டியல் இப்படிப் போகும்: லெம்புயாங் கோயில், கிந்தாமணி எரிமலை, திர்த்தா எம்புல் புண்ணிய தீர்த்தம், தெகல்லாலாங் வயல், உபுத் குரங்குக் காடு, தானா லோட் சூரிய அஸ்தமனம், நேரம் இருந்தால் உலுவாத்து. தீவு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். "நம்ம சென்னையிலேர்ந்து வேலூர்! இதுக்கு ஒரு நாள் போதாதா?" என்பார். வேலூருக்கு நாற்கரச் சாலை உண்டு என்பதும், பாலியில் பெரும்பாலும் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகிற இருவழிச் சாலைதான் என்பதும் கூகுள் வரைபடத்தில் விரலால் அளந்தால் தெரியாது. லெம்புயாங் இருப்பது கிழக்கு ஓரத்தில். தானா லோட் எதிர்ப்புறக் கடலோரம். உலுவாத்து தெற்கு முனை. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் மூன்று இடத்திலும் காரைவிட்டு இறங்கக் கூடாது.

காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் நாலைந்து கார்கள் நிற்கும். நம்மவர் கம்பீரமாக "வயான்!" என்று குரல் கொடுப்பார். மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாலியில் பிறந்த வரிசைப்படிதான் பெயர். மூத்தது வயான் அல்லது புத்து, அடுத்தது மாதே அல்லது காதேக், மூன்றாவது ஞோமான் அல்லது கோமாங், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயானிலிருந்து ஆரம்பம். ஆண் பெண் இருபாலுக்கும் அநேகமாக இதே பெயர்கள்தான். "நம்ம பெரியசாமி சின்னசாமி மாதிரி" என்று மனைவிக்கு விளக்கிவிட்டு, மூன்று வயான்களில் மலிவான வயானைக் கண்டுபிடித்து ஏறிக்கொள்வார்.

முன் இருக்கை அவருக்குத்தான். முதலாளிக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து பழக்கமில்லை. ரோடு சரியாகப் போகிறதா என்று யார் பார்ப்பது? வண்டியின் முன்பலகையில் தென்னங்குருத்துத் தட்டு ஒன்று இருக்கும். அதில் பூ, ஊதுவத்தி, சில நாள் ஒரு மிட்டாயோ பிஸ்கட்டோ. வயான் விடியற்காலையில் வைத்த சானாங் என்னும் படையல் அது. "அப்பா, காம்ப்ளிமென்டரி!" என்று மகன் பின்னாலிருந்து கை நீட்டுவான். தாயார் அந்தக் கையில் ஓர் அடி போடுவார். வயான் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து வேறு மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். இதற்கென்றே அவர் உபரி வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

லெம்புயாங்கில் டோக்கன் வாங்கி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிளந்த கோபுர வாசல், நடுவில் ஆகுங் மலை, கீழே தெளிந்த ஏரியில் வாசலின் பிம்பம்: உலகம் முழுவதும் ஓடிய அந்தப் புகைப்படம்தான் நம்மவரை இங்கே இழுத்து வந்தது. அந்த ஏரியைத் தேடி அவர் வாசலுக்குப் பின்புறம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஏரி கிடையாது. போட்டோ எடுப்பவர் செல்பேசி லென்ஸுக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிக்கிறார். அவ்வளவுதான் ஏரி. இதைக் கண்டுபிடித்ததும் வெள்ளைக்காரர்கள் கோபித்துக்கொண்டு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். நம்மவருக்குக் கோபமே வராது. தொழில் தெரிந்தவனிடம் அவருக்கு மரியாதை உண்டு. "அந்தக் கண்ணாடி என்ன விலை தம்பி?" என்று வயானிடம் விசாரிப்பார். வயானுக்கு வயது ஐம்பத்திரண்டு.

1963இல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மலை ஆகுங். போட்டோவுக்கு நிற்பவர்கள் எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். குதித்த மகன் சரியாக விழவில்லை என்று இன்னொரு குதிக்கு நம்மவர் வாதாடுவார். வரிசையில் இருப்பவர்கள் கூச்சல் போடுவார்கள்.

வழியில் வயான் மெல்லப் பேச்சுக் கொடுப்பார். மகாபாரதம் என்றால் அவருக்கு உயிர். 2014 வாக்கில் நம் இந்தித் தொலைக்காட்சி மகாபாரதம் அங்கே இந்தோனேசிய மொழியில் ஓடி, அர்ஜுனனாக நடித்தவரை வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டது. அதற்கு முன்னாலிருந்தே தோல்பாவைக் கூத்தில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர் வயான். விமான நிலையத்தருகே நிற்கும் கடோத்கஜன் சிலையைப் பார்த்தீர்களா, அவன் தாயார் பெயர் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்பார். நம்மவர் ஆடிப்போய்விடுவார். கடோத்கஜன் என்றால் அவருக்கு 'மாயாபஜார்' ரங்காராவ் ஒருவரைத்தான் தெரியும். தாயார் பெயர் அந்தப் படத்தில் வந்ததாக நினைவில்லை. பின் இருக்கையிலிருந்து மனைவி "இடும்பி" என்பார். அதன்பின் அரை மணி நேரம் வயானும் அந்த அம்மாளும்தான் பேசிக்கொண்டு வருவார்கள். முதலாளி ஜன்னல் வழியாக ரோட்டை மேற்பார்வையிடுவார்.

கிந்தாமணியில் பாதூர் எரிமலைக்கு எதிரே வரிசையாக பஃபே ஓட்டல்கள். டிரைவருக்கு அங்கே சாப்பாடு இலவசம் என்று கேள்விப்பட்டதுமே நம்மவர் உஷாராகிவிடுவார். ஓசிச் சாப்பாட்டின் விலை தன் தட்டில்தானே ஏறும்? ஆகவே பார்க்கிங்கில் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புளிக்காய்ச்சல் கலந்த சாதமும் தட்டையும். எதிரே 1,717 மீட்டர் எரிமலை, பக்கத்தில் பிறை போல ஏரி, சரிவெல்லாம் கறுத்து இறுகிய குழம்பு. 1926இல் இந்த மலை ஒரு கிராமத்தையே மூடியது. ஊர்க்காரர்கள் கோயிலோடு மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். வயான் இதைச் சொல்லி முடித்ததும் நம்மவர் கேட்கும் கேள்வி: "இன்னிக்கு எரியாதா?" கடைசியாக எரிந்தது 2000த்தில் என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போகும். கொடுத்த காசுக்குக் கொஞ்சம் புகையாவது வந்திருக்கலாம்.

திர்த்தா எம்புல்தான் இந்த நாளின் உச்சம். பத்தாம் நூற்றாண்டிலிருந்து வழிபாட்டில் இருக்கும் ஊற்று. கல் குழாய்கள் வரிசையாக நீர் சொரியும். பச்சை வேட்டி கட்டி, மார்பளவு நீரில் நின்று, இடமிருந்து ஒவ்வொரு குழாயாகக் கும்பிட்டுத் தலையைக் கொடுத்துப் போக வேண்டும். நம்மவருக்கு இது புதிதல்ல. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்திலும் ஒரு வாளி விடாமல் நனைந்தவர். ஆனால் இங்கே ஒவ்வொரு குழாய்க்கும் வரிசை. முன்னால் நிற்பவர் மெதுவாக வேண்டிக்கொள்கிறார். அவருக்கு முன்னால் இருப்பவர் வேண்டிக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொள்கிறார். நேரம் ஓடுகிறது, மீட்டரும் ஓடுகிறது. அப்போதுதான் நம்மவர் கண்ணில் அது படும். வரிசையின் கடைசிப் பக்கம் இரண்டு குழாய்கள், சும்மா கொட்டிக்கொண்டு, ஆளே இல்லாமல்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் முதல் குழாயின் கீழ் தலையைக் கொடுத்தபடி கூவுவார்: "இங்க வாடி! இங்க கூட்டமே இல்ல!"

கரையில் வயான் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருவார். குளத்தில் இருந்த பாலிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவை இரண்டும் இறந்தவர்களுக்கான சடங்குக் குழாய்கள். உயிரோடு இருப்பவர்கள் விட்டுவிட்டுத் தாண்டிப் போவார்கள், கூட்டம் இல்லாததற்குக் காரணம் அதுதான். விஷயம் புரிந்ததும் நம்மவர் இரண்டாவது குழாயைத் தொடாமல் நீந்தியே வெளியே வருவார். மனைவி ஈரத்தலையோடு "இதுக்கு நம்ம ஊர்ல என்னங்க பரிகாரம்?" என்று கேட்க, "எல்லாத்துக்கும் சேர்த்துத்தானே டிக்கெட்" என்று முனகுவார். குரலில் பழைய அதிகாரம் இருக்காது. வயான் பூசாரியிடம் அழைத்துப்போய்த் தீர்த்தம் தெளித்து, நெற்றியில் நனைத்த அரிசி ஒட்டி, பாஸைப் பழையபடி உயிருள்ளவராக்கிக் கூட்டி வருவார். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து காப்பித் தோட்டம். பட்டியலில் இல்லாத இந்த நிறுத்தத்தில்தான் வயானுக்குக் கமிஷன். மரநாய் தின்று வெளியே தள்ளிய கொட்டையில் போடும் லுவாக் காப்பிக்குக் காசு. மற்றபடி இஞ்சி, பாண்டான் இலை, தேங்காய் என்று ஒரு தட்டு நிறையச் சின்னக் கிண்ணங்கள் இலவசம். நம்மவர் இலவசம் அத்தனையையும் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "மரநாய் எங்க ஊர்ல ஓட்டு மேலயே ஓடுது" என்று சொல்லி எழுந்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. அவர் காரணம் கஞ்சத்தனம், என் காரணம் கூண்டு. காட்டில் பழம் பொறுக்கித் தின்கிற பிராணியைப் பல இடங்களில் கம்பிக்குள் அடைத்துக் காப்பிப் பழம் ஊட்டுகிறார்கள். கும்பகோணம் டிகிரி காப்பிக்கு யாரையும் அடைக்க வேண்டியதில்லை.

தெகல்லாலாங் போய்ச் சேரும்போது மணி மூன்று தாண்டியிருக்கும். மலைச்சரிவில் படிப்படியாக வயல். வரப்பில் கொஞ்ச தூரத்துக்கு ஓர் இடத்தில் விவசாயி உண்டியல் வைத்திருப்பார். நம்மவர் கொதிப்பார்: "வரப்புல நடக்கக் காசா?" இவருடைய தாத்தாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒன்றரை வேலி இருந்தது. அப்பா பாதி விற்றார், மீதியை இவர் விற்று வேளச்சேரியில் பிளாட் வாங்கினார். இப்போது விமானம் ஏறி வந்து பிறத்தியார் வரப்பில் நிற்கிறார். மேலே ஏரிக்கரைக் கோயிலில் தொடங்கி ஒவ்வொரு மடைக்கும் ஒரு சின்னக் கோயில், யாருக்கு எப்போது தண்ணீர் என்று விவசாயிகளே கூடி முறை வைக்கும் சுபாக் ஏற்பாடு, 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது என வயான் சொல்லிக்கொண்டே போவார். கொரோனாவில் கார்கள் நின்றுபோனபோது ஓட்டுநர்கள் பலர் திரும்பிப் போனது இந்த மாதிரி வயலுக்குத்தான். நம்மவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உண்டியலில் பத்தாயிரம் ரூபியா போடுவார். போட்டதைப் போட்டோ எடுக்கச் சொல்வார்.

நாலு மணிக்குப் பத்து மணி நேரம் முடிந்துவிடும். குரங்குக் காடு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. உலுவாத்து இந்த ஜன்மத்தில் இல்லை. தானா லோட்டில் சூரியன் விழ ஆறேகால் ஆகும், வழியெல்லாம் 'மாச்செத்', அதாவது நெரிசல். மேற்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் தனிக் காசு என்று வயான் தயங்கித் தயங்கிச் சொல்வார். நம்மவருக்கு மறுபடி முதலாளி வந்துவிடுவார். "ஓடின நேரத்துக்குத்தானே காசு? நின்ன நேரத்துக்கு எதுக்கு?" என்று ஆரம்பித்து, புளிசாதம் சாப்பிட்ட இருபது நிமிடம், இறந்தவர் குழாயில் வீணான பதினைந்து நிமிடம் எல்லாவற்றையும் கழிப்பார். பேச்சு முடிவதற்குள் சூரியன் முடிந்துவிடும். தானா லோட்டில் இருட்டில் கறுப்பாக ஒரு பாறை தெரியும். அதற்கு முன்னால் நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்துக்கொள்வார்கள். விடுதிக்குத் திரும்பியதும் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி: "ஒரே நாளில் பாலி முழுவதும் முடித்தாயிற்று."

பாலிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு திசைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போகிற நாளில் மேற்கே சூரிய அஸ்தமனம் கேட்காதீர்கள். முன் இருக்கையை மனைவிக்குக் கொடுங்கள், வயானுக்குப் பேச்சுத்துணை ஆகும். கூட்டமில்லாத குழாயைக் கண்டால் ஏன் கூட்டமில்லை என்று முதலில் கேளுங்கள். கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள், நெரிசலை உண்டாக்கியது அவர் இல்லை.