பட்டமும் ஒரு விமானம்தான்

திருவாரூரில் அறுவடை முடிந்த வயல்களில் நாங்கள் பட்டம் விட்ட காலத்தில் அது விமானம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: பலூன், கிளைடர் வரிசையில் பட்டமும் இருக்கிறது. சட்டம் படித்து டெல்லியில் விமானத் துறை அலுவலகத்தில் சேர்ந்தவனுக்கு அதில் ஒரு ரகசியப் பெருமை. அரைக்கால் சட்டை வயதிலேயே விதிமீறலில் அனுபவம்!

அப்போது 1953 சட்டப்படி, நேர அட்டவணை போட்டுப் பறக்கும் உரிமை அரசுக் கழகங்களுக்கு மட்டும். தனியார் விமானங்களும் பறக்கத்தான் செய்தன. ஃபைலில் அவற்றுக்குப் பெயர் ‘ஏர் டாக்ஸி’. 1994-இல் அந்தச் சட்டம் ரத்தானதும் டாக்ஸிகள் ஏர்லைன்ஸ் ஆயின. விமானம் அதேதான், ஃபைல்தான் வேறு.

பிறகு வந்தது ‘ஐந்துக்கு இருபது’. உள்நாட்டில் 5 வருஷம் பறந்து, 20 விமானமும் வைத்திருந்தால்தான் வெளிநாடு போகலாம். 2004-இல் வந்த அந்த விதிக்கு ஆதரவாக நான் எழுதிய குறிப்புகளைப் படித்தால், தேசமே அதில்தான் தொங்குகிறதோ என்று தோன்றும். வேலையை விட்டு ஒரு கம்பெனிக்குப் போனேன். அதே விதி எத்தனை பெரிய அநியாயம் என்று அதே நடையில் எழுதினேன். என் பழைய குறிப்புகளையே எனக்கு எதிராக எடுத்துக் காட்டினார்கள். பதில் சொல்லத் திணறினேன். அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருந்தேன். 2016-இல் அந்த 5 வருஷம் நீங்கியது. நீக்கக் கூடாதென்று கொதித்தவர்கள், காத்திருந்து போன பழைய கம்பெனிகள்!

விபத்துப் பொறுப்பில் எங்களூர் கொஞ்சம் கண்டிப்பு. தேர்க்காலில் கன்று செத்ததற்கு மனுநீதிச் சோழன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது கதை. விமான விபத்துப் பொறுப்புக்கோ மான்ட்ரியல் உடன்படிக்கை; அதில் 2009-இல் இந்தியா சேர்ந்தது. ஓர் உயிருக்கு எதுவரை கேள்வியில்லாமல் நஷ்டஈடு என்று அதில் கணக்கு உண்டு. கம்பெனி வக்கீலான நான், அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் சோழனை மறந்துவிடுவது வழக்கம்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். 2025 ஜனவரியோடு 1934 சட்டமும் போய், பாரதிய வாயுயான் சட்டம் வந்தாயிற்று. 2021 ட்ரோன் விதிகளோ 25 படிவங்களை ஐந்தாக்கிவிட்டன. எங்கள் காலத்தில் ஐந்தை இருபத்தைந்தாக்குகிறவனுக்குத்தான் பிரமோஷன்.

போன சம்பாவில் வரப்போரம் நின்று ட்ரோன் மருந்தடிப்பதை வேடிக்கை பார்த்தேன். கையில் ரிமோட்டோடு இருந்த பெண் அதட்டினாள்: “சார், தள்ளி நில்லுங்க. ரூல் இருக்கு.”

“எந்த ரூலும்மா?” என்றேன், பழக்கதோஷம்.

“அதெல்லாம் யாராவது வக்கீலப் போய்க் கேளுங்க.”